‘பால் பத்தல’ என்று யார் சொன்னது?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. போன வாரம் என் மனைவிக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2 கிலோ 680 கிராம். வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி ஆகிறது, யாரும் கண் மூடவில்லை. பகலெல்லாம் தூங்குகிறாள், இருட்டினால் ஓங்கி அழுகிறாள். மார்பில் வைத்தால் சப்புகிறாள், எடுத்தால் மறுபடி அழுகை. மனைவிக்கு அம்மா இல்லை. திண்டுக்கல்லிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். “பால் பத்தல, புள்ள பசியில கத்துது” என்று சொல்லி பவுடர் பால் வாங்கி வரச் சொன்னார். நேற்று ராத்திரி இரண்டு தடவை பாட்டிலில் கொடுத்தோம். குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். அதிலிருந்து மனைவி ஓயாமல் அழுகிறாள். முகம் மஞ்சளாக இருக்கிறது, காலை வெயிலில் காட்டுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். டயப்பரில் ரத்தம் மாதிரி ஒரு கறை வேறு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டணும், உரைமருந்து கொடுக்கணும் என்று அம்மா நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது? 16-ஆம் நாள் ஊருக்குக் கூட்டிப்போய்ப் பெயர் வைக்கலாமா?

பதில்: தம்பி, ‘ஓங்கி அழுகிறாள், மார்பில் வைத்தால் சப்புகிறாள்’ என்ற வரியைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. ஏழு நாள் குழந்தை அழுதால் நாங்கள் பயப்படுவதில்லை. அழாமல், பால் கேட்காமல், துணி மாதிரி துவண்டு கிடந்தால்தான் ஓடிப் பார்ப்போம்.

எடைக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். 2,900-லிருந்து 2,680 என்றால் 220 கிராம் குறைவு, ஏழரை சதவீதம். பிறந்த குழந்தைகள் எல்லோருமே முதல் சில நாளில் எடை இழப்பார்கள். உடம்பில் இருக்கும் கூடுதல் நீரும் கருப்பு மலமும் வெளியேறுவதால் வருகிற குறைவு அது. பத்து சதவீதம் வரை போகலாம். அதைத் தாண்டினால்தான் என்ன ஏது என்று தேட வேண்டும். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடவேண்டும். அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஆகவே உங்கள் மகளின் எடை இதுவரை கணக்குக்குள்தான் இருக்கிறது. நாளைக் காலை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். துணியில்லாமல், முடிந்தால் ஒவ்வொரு தடவையும் அதே தராசில். 2,680-ஐ விட ஏறியிருந்தால் பால் போய்ச் சேருகிறது என்று அர்த்தம்.

இனி ‘பால் பத்தல’ என்ற தீர்ப்புக்கு வருவோம். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எதிராக மிக எளிதில் சொல்லப்படுகிற தீர்ப்பு இதுதான். சாட்சியாகக் காட்டுவது குழந்தையின் அழுகை ஒன்றை மட்டும். குழந்தை பசிக்கு அழும், ஈரத்துக்கு அழும், சூட்டுக்கு அழும், தூக்கம் வந்து தூங்கத் தெரியாமலும் அழும். உள்ளே எவ்வளவு போயிற்று என்று கண்ணால் பார்க்க வழியில்லை, வெளியே எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். மலம் கருப்பு, பச்சை எல்லாம் கடந்து, கடுகு கரைத்த மாதிரி மஞ்சளாக, மூன்று நான்கு தடவை. இது நடந்தால் பால் போதும், அம்மா என்ன சொன்னாலும் சரி, அக்கா என்ன சொன்னாலும் சரி. டயப்பரில் இந்தக் கணக்கு தெரியாது, எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாளைக்கு டயப்பரைத் தூக்கி வைத்துவிட்டுப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். நனைந்த ஒவ்வொரு துணிக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். அது உங்கள் வேலை, மனைவியின் வேலை இல்லை.

ராத்திரி அழுகைக்குக் காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் இருந்த குழந்தைக்குப் பகல் இரவு தெரியாது. அந்தக் கணக்கு உடம்பில் படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதோடு பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் ஊறுகிறது. அந்த நேரத்தில் குழந்தை விட்டு விட்டு, அரை மணிக்கு ஒருதரம் கேட்பது பாலைப் பெருக்குவதற்கு மிகவும் உதவுகிறது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுப்பது இந்த வயதில் சாதாரணம். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் மனைவிக்கு இப்போதுதான் பால் நன்றாக இறங்கிவரும் சமயம். சரியாக அந்த நேரம் பார்த்து பாட்டில் வந்துவிட்டது.

பாட்டில் குடித்து மூன்று மணி நேரம் தூங்கினாளே என்பீர்கள். பவுடர் பால் பசும்பாலிலிருந்து செய்தது, தாய்ப்பாலை விட மெதுவாகச் செரிக்கும், அதனால் வயிறு கனத்துத் தூங்கும். பாட்டிலில் பால் தானாக வழிவதால் தேவைக்கு மேலும் குடித்துவிடும். அந்த மூன்று மணி நேரம் தாயின் மார்பு காலியாகவில்லை. நிறைந்து நிற்கும் மார்பு ‘போதும், சுரக்காதே’ என்று உடம்புக்குச் சொல்லிவிடும். அடுத்த தடவை பால் கொஞ்சம் குறையும், உடனே ‘பார்த்தியா, பத்தல’ என்பார்கள், இன்னொரு பாட்டில் வரும். இறைக்கிற கிணறுதான் ஊறும். ஒரு வாரம் இப்படியே போனால் முதலில் பொய்யாகச் சொன்ன ‘பத்தல’ நிஜமாகிவிடும். நேற்று கொடுத்த இரண்டு தடவையால் எதுவும் கெட்டுவிடவில்லை, அதை நினைத்து யாரும் குமைய வேண்டாம். இன்றிலிருந்து நிறுத்துங்கள். (அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 1992-இல் வந்த சட்டப்படி அப்படிப் போட்டே ஆக வேண்டும். பவுடர் பாலுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதே அந்தச் சட்டத்தில் குற்றம்.)

குழந்தை எப்படிப் பிடித்திருக்கிறாள் என்பதை இன்று ராத்திரி கவனியுங்கள். காம்பை மட்டும் கவ்வினால் பாலும் வராது, தாய்க்கு உயிர் போகிற வலியும் எடுக்கும். வாயை ஆவென்று அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தோடு சேர்த்து வாய்க்குள் போகிற மாதிரி குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனால் தாய் கூனிக் குறுகித் தையல்தான் இழுக்கும். மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் தெரியாது. முதலில் வேகமாகச் சப்புவாள். பால் இறங்கியதும் நிதானமாகி, இரண்டு சப்புக்கு ஒருதரம் மோவாய் தாழ்ந்து ‘க்’ என்று விழுங்குகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். நான் பேசிப் புரியாததை அது புரியவைக்கும். வயிற்றில் தையல் இருப்பதால் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையின் காலைத் தாயின் கக்கத்துப் பக்கம் விட்டுத் தலையணையில் தாங்கியோ கொடுக்கலாம். ஒரு பக்கம் மார்பு தளர்ந்த பிறகு மறுபக்கம். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்காதீர்கள்.

பால் கட்டி வலித்தாலோ, மனைவி அசந்து தூங்க வேண்டியிருந்தாலோ, கையைக் கழுவிவிட்டுக் கையாலேயே பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பாலாடையில் புகட்டத் தெரிந்திருக்கும், அந்தக் கைப்பழக்கம் எங்கள் வார்டு நர்ஸுகளுக்கே எளிதில் வராது. பாலாடையை ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்க வைத்துக்கொண்டால் போதும். பீய்ச்சிய பால் வெளியே நாலு மணி நேரம் வரை தாங்கும், வெயில் கொளுத்தினால் அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். சித்திரை வெயிலானாலும் தாய்ப்பாலில் இருக்கிற தண்ணீரே போதும்.

நிஜமாகவே பால் போதாத தாய்மார்கள் சிலர் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனது என்று காரணம் இருக்கும். எடை ஏறாமல் துணியும் ஆறுக்குக் குறைவாக நனைந்தால், குழந்தை மருத்துவர் பார்த்து அளவு சொல்லி மேல்பால் கொடுக்கச் சொல்வார். அப்போது கொடுப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படியே கலக்க வேண்டும், சிக்கனம் பார்த்துத் தண்ணீர் கூட்டக் கூடாது.

மஞ்சள் பற்றி. பிறந்த குழந்தையின் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வருகிற பிலிருபின் என்ற மஞ்சள் பொருளைப் பிஞ்சுக் கல்லீரலால் உடனே வெளியேற்ற முடியாது. அதனால் இரண்டு மூன்றாம் நாளில் மஞ்சள் தெரியத் தொடங்கி, நாலைந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். அது வெளியேறுகிற முக்கியமான வழி மலம். ஆக, அடிக்கடி பால் கொடுப்பதே மருந்து. வெயிலில் காட்டுவது வைத்தியமாகாது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் போடுகிறோமே, அது அளந்து வைத்த ஒளி. துணியில்லாமல் வெயிலில் போட்டால் குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போகலாம், இல்லை தோல் வெந்து நீர் வற்றலாம். அதைவிடப் பெரிய கெடுதல், ‘வெயில்ல காட்டிட்டுத்தானே இருக்கோம்’ என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பது.

ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து (டியூப்லைட்டில் வேண்டாம், நிறம் சரியாகத் தெரியாது) நெற்றியில் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளிறுகிற இடத்தில் மஞ்சள் தெரிகிறதா? பிறகு நெஞ்சு, வயிறு, முழங்கால், கடைசியாக உள்ளங்கால். முகத்தோடு நின்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். வயிற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அளவு மீறிய பிலிருபின் மூளைக்குள் போனால் காது கேட்காமல் போகும், கை கால் முடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலோ அது வேறு நோய், தள்ளிப்போடக் கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் மனைவியின் ரத்த வகையைப் பாருங்கள். ஓ வகை என்றாலோ நெகட்டிவ் என்றாலோ கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். என்னைக் கேட்டால், நாளை எடை பார்க்கப் போகும்போது மஞ்சளையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

டயப்பர் கறை. பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சில சொட்டு ரத்தமோ வெள்ளையோ படலாம். வயிற்றிலிருந்தபோது வந்த தாயின் ஹார்மோன் திடீரென்று நிற்பதால் வருவது, பத்து நாளுக்குள் தானே நின்றுவிடும். கறை செங்கல் பொடி நிறத்தில், தொட்டால் மாவு மாதிரி இருந்தால் அது ரத்தமே இல்லை, சிறுநீரில் இறங்கும் யூரேட் உப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் அது சகஜம். ஏழாம் நாளிலும் வந்தால் பால் குறைவாகப் போகிறது என்று அர்த்தம், அதையும் நாளைக்குச் சொல்லுங்கள். பிறந்ததும் ரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். தொப்புளிலோ வாயிலோ ரத்தம் கசிந்தால், மஞ்சளான மலம் மறுபடி கருப்பானால் உடனே ஆஸ்பத்திரி.

இப்போது உங்கள் அம்மா. அவரை வில்லியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. சம்பந்தியம்மா இல்லாத வீட்டில் தனியாளாக வந்து ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார். அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். சிலதைக் கொடுங்கள், சிலதை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். தொப்புள் கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் போதும். அது ஐந்திலிருந்து பதினைந்து நாளில் காய்ந்து விழும். மஞ்சள், சாம்பல், வசம்புக் கரி, எண்ணெய் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது, சும்மா விட்டால்தான் காயும். சுற்றித் தோல் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ காட்டுங்கள். விழுந்து காய்ந்தபின் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து மெல்லத் தடவிவிட்டு, முழங்கையால் சூடு பார்த்த தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் குளிப்பாட்டுவது நல்லது, அதை அம்மாவே செய்யட்டும். மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, காதில் விடுவது, குழந்தையின் வீங்கிய மார்பை அமுக்கிப் பால் எடுப்பது மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மார்பு வீக்கமும் அதே ஹார்மோன் வேலைதான், அமுக்கினால் சீழ் கட்டும். சாம்பிராணிப் புகை வேண்டாம். மையைக் கண்ணில் வைக்க வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்கலாம். திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உரைமருந்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஜாதிக்காய் ஒரு உரை கூடிப்போனால் குழந்தை மயங்கிக் கிடக்கும், ‘நல்லாத் தூங்குது’ என்று விட்டுவிடுவார்கள். கல்லிலும் விரலிலும் இருக்கிற கிருமி வயிற்றுக்குப் போகும். தேனும் கூடாது, ஒரு வயது வரை. அதிலுள்ள ஒருவகை பாக்டீரியா சின்னக் குழந்தைக்குத் தசையைச் செயலிழக்கச் செய்யும். அம்மாவிடம் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்: “டாக்டரம்மா எழுதிட்டாங்க, கொடுத்தா திட்டுவாங்க” என்று. எத்தனையோ வீட்டில் அது பலித்திருக்கிறது.

மனைவியின் அழுகைதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஹார்மோன் சரசரவென்று இறங்கும். வயிற்றில் தையல், தூக்கமில்லை, சொந்த அம்மா இல்லை, இதற்கு மேல் ‘உன்கிட்ட பால் இல்ல’ என்கிற பேச்சு. அழாமல் என்ன செய்வாள்? இந்த அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தாலோ, வாய்ப்பேச்சு என்று விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதற்கு முன்பே பேச வேண்டுமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

உங்களால் பால் கொடுக்க முடியாது, மற்றதெல்லாம் முடியும். ராத்திரி அழும்போது நீங்கள் எழுந்து துணி மாற்றி அவளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். அவள் பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு செம்புத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சிசேரியனுக்குத் தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும் என்பது வெறும் பேச்சு. பத்தியக் குழம்பு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும், கூடவே பருப்பு, முட்டை, மீன். அரைவயிற்றுப் பத்தியம் கூடாது. பகலில் குழந்தை தூங்கும்போது அவளும் தூங்க வேண்டும், வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்புவது உங்கள் பொறுப்பு. அவளுக்குக் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிற ரத்தப்போக்கு, கண் மங்கலோடு தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கடுகுத் தலையணையும் வேண்டாம், வேறு தலையணையும் வேண்டாம். தும்மல், விக்கல், தூக்கத்தில் கையை விரித்துத் திடுக்கிடுவது, ஐந்து பத்து விநாடி மூச்சு நின்று மறுபடி வருவது எல்லாம் இந்த வயதில் இருக்கும். பயப்பட வேண்டியவை இவை: பால் குடிக்க மறுப்பது, தட்டி எழுப்பினாலும் எழாமல் இருப்பது, தூங்கும்போது முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60 அல்லது அதற்கு மேல் வருவது, மூச்சுக்கு நெஞ்சு உள்ளே குழிவது, வலிப்பு, உதடு நீலமாவது, பச்சை நிறத்தில் வாந்தி, கக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் 99.5-ஐத் தாண்டுவது, கதகதப்பாகப் போர்த்தியும் 97.7-க்கு மேல் ஏறாதது. ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

16-ஆம் நாள் விசேஷம். திருப்பூரிலிருந்து திண்டுக்கல் காரில் போகிற தூரம்தான், குழந்தைக்குப் பயணத்தால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஐம்பது பேர் வாங்கி முத்தம் கொடுப்பார்கள், அதில் நாலு பேருக்குச் சளி இருக்கும். தாயின் தையலும் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், வழியில் ஒவ்வொரு மேடு பள்ளமும் அங்கேதான் வலிக்கும். ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்ட பிறகு ஊருக்குப் போங்கள். 16-ஆம் நாளே பெயர் வைத்தாக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், வீட்டிலேயே நீங்கள் நாலு பேர் இருந்து காதில் பெயரைச் சொல்லிவிடுங்கள். தேன் தொட்டு வைக்காமல்.